வருமுன் அறிதல்

வருமுன் காப்பது நன்று என்கிறோம். காப்பதற்கு முதலில் வருவதை அறிய வேண்டுமன்றோ? கருவுற்ற தாய்மார் திறத்தில் அவ்வறிவு வளர்ந்த வரலாற்றையே நான் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சூல்வலிப்பு முன்னாளில் இடிபோல் வந்து தாயையும் சேயையும் கொண்டு சென்றது. 1843-ஆம் ஆண்டில், இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சார்ந்த ஜான் லீவர், வலிப்புக் கண்ட பெண்களின் சிறுநீரில் புரதம் இருப்பதைக் கண்டார். 1896-இல், இத்தாலியரான ரீவா-ரோச்சி, கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். இவ்விரண்டாலும் வலிப்புக்கு முன்னரே அபாயத்தை உணர வழி பிறந்தது. ஆயினும், அவை காட்டியது தொடங்கிவிட்ட நோயையே. தொடங்கவிருக்கும் நோயை அன்று.

நீரிழிவிலோ, நோக்கு எதிர்காலத்தின்மேல் சென்றது. பாஸ்டன் நகரில் ஓசல்லிவன், மகான் என்னும் இருவர், 752 கருவுற்ற பெண்களுக்கு 100 கிராம் குளுக்கோஸ் அருந்தக் கொடுத்து இரத்தச் சர்க்கரையை அளந்து, 1964-இல் ஓர் எல்லையை வகுத்தனர். எந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரக்கூடும் என்று முன்னுணர்வதே அதன் நோக்கம்.

வலிப்புக்கு முன்னோடியான இரத்த அழுத்த நோய்க்கும் அத்தகைய கணிப்பு பின்னர் வாய்த்தது. தாயின் உடல்நல வரலாறு, இரத்த அழுத்தம், கருப்பைக்குச் செல்லும் குருதியோட்டம், இரத்தத்திலுள்ள சில பொருள்கள் ஆகியவற்றை மூன்றாம் மாத அளவிலேயே சேர்த்துக் கணித்தனர். ஆபத்து மிக்கோருக்கு மருத்துவர் மேற்பார்வையில் நாள்தோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் அளித்தனர். 2017-இல் வெளிவந்த அவ்வாய்வில், குறைமாதப் பேற்றுக்குக் காரணமாகும் இந்நோய், போலி மாத்திரை பெற்றோருள் 4.3 சதவிகிதமாகவும், ஆஸ்பிரின் பெற்றோருள் 1.6 சதவிகிதமாகவும் இருந்தது.

கணிப்பு தானே எவரையும் காப்பதில்லை; காக்கும் காலத்தை அது நமக்கு ஈட்டித் தருகிறது. அக்காலம் வீணாகாதிருக்க, தாய்மார் முதல் மூன்று மாதங்களிலேயே மருத்துவரை நாடுதல் வேண்டும் என்பேன்.