காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலும் அளவுருசார் வடிவமைப்பும்

இரண்டாம் நந்திவர்மன் 8ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயில் விமானத்தில் இருந்த, கிடந்த, நின்ற கோலங்களுக்குரிய மூன்று கருவறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மேல்நிலைகளின் பாரத்தைக் கீழ்நிலையின் உள், வெளிச் சுவர்கள் தாங்குகின்றன. ஆதலின் அடித்தள அகலம் மாறின் சுவர்த் தடிப்பு, சுற்றுவழி, மேல்நிலைகள் ஆகிய அனைத்தும் மாற வேண்டும். ஓர் அளவை மாற்றப் பிறவும் தாமே மாறுமாறு அமைப்பதே இன்றைய கணினிவழி அளவுருசார் வடிவமைப்பு. 1963இல் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் இதன் முன்னோடி.

இச்சார்புறவைச் சிற்ப நூல்கள் விதிகளாக்கின. 8 யவை ஓர் அங்குலம். 24 அங்குலம் ஒரு முழம். விமான உயரம் அகலத்தின் மடங்காகக் கூறப்படுகிறது. ஆயாதிக் கணக்கு அளவுகளுக்கு வரம்பிடுகிறது. யோனி காண அளவை 3ஆல் பெருக்கி 8ஆல் வகுப்பர். மீதி ஒற்றைப்படையாயின் ஏற்பர். 10 முழத்திற்கு மீதி 6; ஆகவே விலக்கப்படும். 11 முழத்திற்கு மீதி 1, ஏற்கப்படும். அகலம் திருந்தினால் உயரமும் திருந்தும்.

ஆயினும் மயமதம் இக்கோயிலுக்குப் பிற்பட்டதென்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. எனவே நூல்விதியைக் கட்டடத்தின்மேல் ஏற்றிக் காண்பது காலமுரணாகும். பல்லவத் தச்சரின் அளவுமுறையைக் கட்டடத்தை அளந்தே மீட்க வேண்டும். கணினி மாதிரி அதனைச் சோதிக்கும் கருவியேயன்றிச் சான்றாகாது.