நீர்மம் குறித்த ஆங்கில வினைகள்: பொருளும் வாக்கிய அமைப்பும்

நீர்மங்களின் இயக்கத்தைக் குறிக்கும் ஆங்கில வினைகளில் தமிழ் மாணவர் தடுமாறுவதற்குச் சொற்பொருள் தெரியாமை முதற்காரணமன்று. ‘போர்’ என்பது ஊற்றுதல், ‘ஃபில்’ என்பது நிரப்புதல், ‘ஸ்பில்’ என்பது சிந்துதல் என்று அகராதிகள் தரும் பொருள் சரியானதே. எந்த வினை எதை எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் ஏற்கும் என்பது சொல்லப்படாமல் போவதே பிழைக்கு வித்திடுகிறது.

‘போர்’, ‘ஃபில்’ இரண்டும் இதற்குச் சிறந்த சான்று. தமிழில் ‘குடத்தில் தண்ணீரை நிரப்பு’, ‘குடத்தைத் தண்ணீரால் நிரப்பு’ என்னும் இரண்டும் வழுவற்றவை. பொது ஆங்கில வழக்கில் ‘ஃபில்’ கொள்கலத்தையே செயப்படுபொருளாக ஏற்கும். ‘போர்’ நீர்மத்தையே ஏற்கும். எனவே ‘ஃபில் தி பாட்டில் வித் வாட்டர்’ என்பதும் ‘போர் வாட்டர் இன்டு தி பாட்டில்’ என்பதும் சரி. ‘ஃபில் வாட்டர் இன்டு தி பாட்டில்’ என்பது தமிழின் முதல் அமைப்பை ஆங்கிலத்தில் ஏற்றிச் சொல்லும் பிழையாகும். உளமொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1989இல் வெளியிட்ட நூலில் இவ்விரு வினைகளின் வேறுபாட்டுக்கு விளக்கம் தந்தார். ‘போர்’ நீர்மம் நகரும் விதத்தைச் சொல்கிறது. ‘ஃபில்’ கொள்கலம் அடையும் நிலையைச் சொல்கிறது. வினை எதன் மாற்றத்தைக் கூறுகிறதோ அதுவே செயப்படுபொருளாகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் ‘ஃபில்’ வினையில் இதே பிழையைச் செய்வதை உளமொழியியலாளர் மெலிசா பவர்மன் பதிவு செய்துள்ளார். ஆகவே இதைத் தமிழரின் குறையாக மட்டும் கருதுவது பொருந்தாது.

‘போர்’, ‘ஸ்பில்’ ஆகியவற்றின் வாக்கிய அமைப்பு ஒன்றே. மொழியியலாளர் பெத் லெவின் 1993ஆம் ஆண்டு நூலில் இரண்டையும் ஒரே வினை வகுப்பில் சேர்த்துள்ளார். இவற்றைப் பிரிப்பது செய்பவரின் எண்ணம். வேண்டுமென்றே செய்தால் ‘போர்’. கைதவறி நேர்ந்தால் பெரும்பாலும் ‘ஸ்பில்’. தமிழின் ‘கொட்டு’ இரண்டுக்கும் பொதுவானது. ‘கழுநீரைக் கொட்டினாள்’ என்பதில் எண்ணம் உண்டு. ‘பாலைக் கொட்டிவிட்டாள்’ என்பதில் துணைவினையும் சூழலும் தவறுதலை உணர்த்துகின்றன. தமிழ் துணைவினையால் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் வினைத் தேர்வால் காட்டுகிறது.

‘லீக்’, ‘டிரிப்’, ‘சீப்’, ‘ஊஸ்’ ஆகியவற்றில் வெளியேறும் வழியும் நீர்மத்தின் தன்மையும் தேர்வைத் தீர்மானிக்கின்றன. ஓட்டை அல்லது விரிசல் வழியே ஒழுகினால் ‘லீக்’. துளித்துளியாகச் சொட்டினால் ‘டிரிப்’. நுண்துளைகளில் மெல்ல ஊறிக் கசிந்தால் ‘சீப்’. சீழ், சேறு போன்ற குழைந்த பொருள் மெதுவாக வெளிவந்தால் ‘ஊஸ்’. ‘கூரை ஒழுகுகிறது’, ‘நீர் ஒழுகுகிறது’ என்னும் இருவகை எழுவாயும் ‘லீக்’ வினைக்குப் பொருந்தும்; ‘டிரிப்’ வினைக்கும் குழாய், நீர் இரண்டும் எழுவாயாகும். ‘சுவர் கசிகிறது’ என்பதை மட்டும் அப்படியே மாற்றக் கூடாது. ‘சீப்’ வினைக்கு நீரே இயல்பான எழுவாய். சுவர் அது கடந்துவரும் இடமாக நிற்கும்.

ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என எழுதும் இருமொழி அகராதி முறை இவ்வினைகளுக்குப் போதாது. ஒவ்வொரு வினையோடும் அது ஏற்கும் எழுவாயையும் செயப்படுபொருளையும் காட்டும் முழு வாக்கியம் ஒன்றேனும் தரப்பட வேண்டும். ‘போர்’, ‘ஃபில்’ போன்றவற்றை வகுப்பறையில் இணையாகவே கற்பிக்க வேண்டும்.