மலையமான் மக்களும் பாரி மகளிரும்

கொல்லிமலைச் செம்மேட்டில் ஆடிப்பெருக்கையொட்டி அம்மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. அந்த மலையமான் குடியின் பிள்ளைகளைத்தான் சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இட முனைந்தான். புறநானூற்றின் 46ஆம் பாட்டு பிறந்தது அந்தக் களத்தில். பறம்புமலைத் தலைவன் பாரியைப் போரில் இழந்த அவன் மகளிர் பாடியது 112ஆம் பாட்டு. போர் பெரியவர்களுடையது, இரண்டு இடத்திலும் அடிபட்டவர்கள் பிள்ளைகள்.

இரண்டு இடத்திலும் துணைக்கு வந்தவர் உறவினர் அல்லர், புலவர். கோவூர்கிழார் குறுக்கிட்டது ஒரு கணம். கபிலர் சுமந்தது பல நாள். முன்னவர் வளவனின் குலப்பெருமையைச் சொல்லி, அந்தச் சிறுவர்களைப் பார் என்று காட்டி, இனி உன் விருப்பம் என்று நிறுத்திக்கொண்டார். பின்னவர் மகளிரைப் பறம்பிலிருந்து அழைத்துப்போய் விச்சிக்கோன், இருங்கோவேள் என்னும் குறுநில மன்னர்களிடம் மணம் பேசினார், மறுக்கப்பட்டும் கைவிடவில்லை.

கோவூர்கிழாரின் கண் வியப்பூட்டுவது. அழுதுகொண்டிருந்த சிறுவர்கள் யானையைக் கண்டதும் அழுகையை மறக்கிறார்கள். கூடியிருந்த மன்றத்தைப் பார்த்துத்தான் மருள்கிறார்கள். அழுகை நின்றால் பிள்ளை தேறிவிட்டது என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். அவர் நினைக்கவில்லை, அந்த மௌனத்துக்குள் புதிய துன்பத்தைக் கண்டார். அச்சிறுவர்கள் பாட்டில் ஒரு சொல்லும் பேசவில்லை. பாரி மகளிரோ தாமே பேசுகிறார்கள். போன மாத நிலவில் தந்தை இருந்தார், குன்றும் இருந்தது; இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. பகைவர்மேல் வசை கிடையாது. இழந்ததைத் தம் வாயால் வரிசைப்படுத்திச் சொல்லும் இந்த நிலைக்குப் பிள்ளையை வற்புறுத்தாமல் கொண்டுவரத்தான் இன்றைய உளநல ஆலோசகரும் பாடுபடுகிறார். மகளிருக்கு வயதும் கைகொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரு கதைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. கபிலர் பாரியின் பெண்ணை மலையர்க்குக் கொடுத்தார் என்கிறது திருக்கோவலூர் வீரட்டானத்தில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டு. மலையர் என்றால் மலையமான் குடியே.

இன்னலிலிருந்து பிள்ளைகள் மீள்வது எப்படி என்பதை இன்றைய ஆய்வும் காட்டுகிறது. ஹவாய்த் தீவான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். கடும் இன்னல்களில் வளர்ந்தும் நிமிர்ந்த பிள்ளைகளுக்கு, விலகாத பெரியவர் ஒருவராவது வாய்த்திருந்தார். உயிரைக் காக்கக் கோவூர்கிழார் போதும். வாழ்வைத் தொடரக் கபிலர் வேண்டும். கொல்லிமலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பெற்றோரை இழந்த ஒரு பிள்ளை சேர்ந்தால், அப்பள்ளியின் காப்பாளரை அந்தப் பிள்ளை படித்து முடிக்கும்வரை அரசு இடம் மாற்றாதிருக்கட்டும்.