கோப்பை கழுவிய கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு



ஒவ்வொரு ஜனவரி மாதமும் சொலோத்தூர்ண் நகரில் சுவிஸ் திரைப்பட விழா நடைபெறுகிறது. 1966 இல் தொடங்கிய விழா. பூம்ப்ளிசிலிருந்து பேர்ணில் ரயில் மாறிப் போனால் ஒரு மணித்தியால அளவு ஓட்டம்தான். ஆனாலும் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசம் கழியும்வரை நான் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. சில வருடங்களுக்கு முன் மகள்தான் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

விவரணப்படம் என்றால் மலையும் மிருகமும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே பார்த்ததோ, சாதாரண சனம் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்லும் படங்கள். திரும்பி வரும்போது மகள் கேட்டாள், "அப்பா, நீங்கள் வந்த முதல் வருசம் என்ன செய்தனீங்கள்?" "வேலைதான் பிள்ளை" என்று சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் மேலே கேட்கவில்லை. அடுத்த கிழமை ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்து போட்டாள்.

அந்தப் படத்தின் பெயர் 'சியாமோ இத்தாலியானி'. 'நாங்கள் இத்தாலியர்' என்று அர்த்தம். அலெக்சாண்டர் சைலர் என்ற சுவிஸ்காரர், ஜூன் கோவாக், றொப் க்னான்ற் ஆகியோருடன் சேர்ந்து 1964 இல் எடுத்த கறுப்பு வெள்ளை விவரணப்படம். பாசல் பகுதியில் வேலை செய்த இத்தாலியத் தொழிலாளரின் தொழிற்சாலை, நெருக்கமான குடியிருப்பு, வெளிநாட்டவர் பொலிஸ் அலுவலகம் எல்லாம் அதில் வருகின்றன. இத்தாலியரின் முகங்கள் திரையில் தெரிய, அவர்களைப் பற்றிச் சுவிஸ்காரர் கதைப்பது பின்னணியில் கேட்கிறது. சத்தம் போடுகிறார்கள், கூட்டமாக நிற்கிறார்கள், எங்கள் பெண்களைப் பார்க்கிறார்கள்!

எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1983 ஜூலைக்குப் பிறகு எம்மவர் இங்கே வந்து இறங்கியபோது, எங்களைப் பற்றியும் இதே கதைதானே! பேர்ண் ரயில் நிலையத்தில் தோல் ஜக்கெற்றோடு நின்றால் போதைப்பொருள் விற்கிறவன் என்று சொன்ன காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்று சுவிஸ்காரர் விரும்பிச் சாப்பிடுவது இத்தாலியச் சாப்பாடு. ஆனால் அந்த மதிப்பு இத்தாலியருக்குச் சும்மா கிடைக்கவில்லை. பருவத் தொழிலாளியாக வந்தவர் வருசத்தில் ஒன்பது மாதம்தான் இங்கே இருக்கலாம். மனைவி, பிள்ளைகளைக் கூப்பிட முடியாது. களவாகக் கூட்டி வந்த பிள்ளைகளை அறைக்குள் ஒளித்து வைத்தார்கள். சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது. அவர்களுக்கு 'அலுமாரிப் பிள்ளைகள்' என்றே பெயர். இந்தப் பருவத் தொழிலாளர் சட்டம் 2002 இல்தான் முற்றாக ஒழிந்தது. 1970 ஜூன் 7 ஆம் திகதி, வெளிநாட்டவர் தொகையைப் பத்து வீதத்துக்குள் அடக்கக் கோரும் ஸ்வார்சன்பாக்கின் பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. 54 வீதத்தினர் எதிர்த்ததால் தோற்றது. அன்று வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. சுவிஸ் பெண்களுக்குக் கூட்டாட்சி வாக்குரிமை கிடைத்தது 1971 இல்.

அதே காலத்தில் எங்களுக்கு அண்மையில் உள்ள பீல் நகரில், அல்வாரோ பிற்சாறி என்ற இத்தாலியத் தொழிலாளி தானே கமெராவைக் கையில் எடுத்தார். உருக்கு ஒட்டும் வேலை செய்தவர். மகனை ஒளித்து வைத்திருக்கும் பருவத் தொழிலாளியின் கதையை நடிப்புப் படமாக எடுத்தார். பிறகு தொழிலாளரின் வாழ்க்கையை விவரணமாகவும் பதிவு செய்தார். எங்களைப் பற்றி மற்றவன் எடுக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? முள்ளிவாய்க்காலின் சாட்சியமாகக் கலம் மக்ரேயின் 'நோ ஃபயர் சோன்' 2013 மார்ச்சில் ஜெனீவா ஐ.நா. வளாகத்தில் காட்டப்பட்டது. அது உலகம் பார்க்க வேண்டிய படம். ஆனால் நாங்கள் செத்ததற்குச் சாட்சி இருந்தால் போதுமா? இங்கே எப்படிப் பிழைத்தோம் என்பதற்குச் சாட்சி எங்கே?

வீடியோ இல்லாமல் இல்லை. எங்கள் அலுமாரிகளில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, அரங்கேற்றம் எல்லாம் கசெற் கசெற்றாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் பட்டுச் சேலையும் நகையும் சிரிப்பும்தான். கோப்பை கழுவின கை ஒன்றுகூட அவற்றில் இல்லை.

நானும் அப்படித்தான். 1986 இல் வந்து ஒரு உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் கோப்பை கழுவினேன். சவர்க்காரத் தண்ணீரில் விரல்கள் வெடித்து, இரவில் போர்வை பட்டாலும் எரியும். அம்மாவுக்கோ, யாரோ ஒருவரின் காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து அனுப்பினேன். "நல்லாய் இருக்கிறன்" என்று எழுதினேன். அம்மா 1996 இல் கண் மூடும்வரை அந்தக் காரை என்னுடையது என்றே நம்பியிருந்தா. அது பொய் என்று சொல்ல நாள் பார்த்தேன். நாள் வரவில்லை. மகளுக்கும் அதே பொய்யைத்தான் மௌனமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

சைலர் ஏறத்தாழ நாற்பது வருடங்களுக்குப் பிறகு அந்த இத்தாலியரைத் தேடிப்போய் 2002 இல் 'செப்ரெம்பர் காற்று' என்ற படத்தை எடுத்தார். முதியவர்கள் இருந்தபடியால்தான் கேட்க முடிந்தது. எங்களில் முதலில் வந்தவர்கள் ஒவ்வொருவராய் விடைபெறுகிறார்கள். அலுமாரியில் கிடக்கும் கசெற் நாடாவும் பழுதாகிறது.

உறவுகளே, இதற்குப் பெரிய கமெரா வேண்டாம். பிள்ளைகளின் கையில் இருக்கும் தொலைபேசி போதும். குசினி மேசையில் இருந்து கேட்கட்டும்: எந்த வழியால் வந்தீர்கள்? முதல் இரவு எங்கே படுத்தீர்கள்? முதல் சம்பளத்தை யாருக்கு அனுப்பினீர்கள்? பழைய கசெற்றுகளையும் கணினிக்கு மாற்றி வையுங்கள்.

சென்ற மாதம் மகளின் தொலைபேசிக்கு முன்னால் இருந்து நாற்பது நிமிசம் கதைத்தேன். முதலில் சொன்னது, அந்தக் கார் என்னுடையதல்ல என்பதை. அவள் சிரிக்கவில்லை. எழும்பி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.