சார்லி யார்?

சென்ற ஆடி மாதம் என் தமக்கை மகன் எங்கள் வீட்டில் பத்து நாள் வந்து தங்கியிருந்தான். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிற பையன். காலையில் நான் கதை எழுத உட்காருகிற நேரமாகப் பார்த்து, அடுத்த அறையில் அவனுடைய கைப்பேசியிலிருந்து ஒரு குரல் கிளம்பும். இங்கிலீஷ்தான். ஆனால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அரை நிமிஷம் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து அதையே ஆரம்பிக்கும். அதில் 'சார்லி' என்ற பெயர் ஒன்றுதான் என் காதில் தெளிவாக விழுந்தது.

"யாரடா அந்தச் சார்லி? உன் சிநேகிதனா?" என்று கேட்டேன்.

பையன் சிரித்தான். "ஆள் இல்லை, மாமா. 'ஸி' என்ற எழுத்துக்கு விமானிகள் சொல்லும் பெயர்" என்றான்.

பிறகு விஷயத்தை விளக்கினான். காற்று எந்தத் திசையிலிருந்து என்ன வேகத்தில் அடிக்கிறது, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, மேகம் எந்த உயரத்தில் நிற்கிறது, எந்த ஓடுபாதை உபயோகத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் என்ன - இவற்றை வருகிற போகிற ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்தால் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு வேறு வேலை ஓடாது. ஆகையால் பெரிய விமான நிலையங்களில் இவற்றைப் பதிவு செய்து, தனி அலைவரிசையில் ஓயாமல் ஒலிபரப்புகிறார்கள். 'ஏடிஸ்' என்று அதற்குப் பெயர். கூடுமானவரை முப்பது விநாடிக்குள் முடிய வேண்டும் என்பது ஏற்பாடு. நிலவரம் மாறினால் புதுப் பதிவு. அதற்கு அடுத்த எழுத்து. பிராவோ போய்ச் சார்லி வரும். சார்லி போய் டெல்டா வரும். விமானி அதிகாரியோடு முதலில் பேசும்போது, தன்னிடம் இருப்பது எந்த எழுத்து என்று சொல்ல வேண்டும். 'கேட்டேன், வாங்கிக்கொண்டேன்' என்பதற்கு அந்த எழுத்துத்தான் ரசீது.

"எங்கே, இன்னொரு தடவை போடு" என்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருஷமாக இங்கிலீஷ் நாவல்கள் படிக்கிறவன் அல்லவா? எழுதி முடித்ததும் பையன் எட்டிப் பார்த்தான். காற்றழுத்தம் 1013 என்று எழுதியிருந்தேன். குரல் சொன்னது 1003.

"பத்துத்தானேடா வித்தியாசம்?" என்றேன்.

"அந்த எண்ணை வைத்துத்தான், மாமா, உயரம் காட்டும் கருவியைத் திருப்பி வைப்போம். ஓர் எண் பிசகினால் ஏறக்குறைய முப்பது அடி பிசகும். உங்கள் கணக்குப்படி வைத்தால், விமானம் நான் நினைப்பதைவிட முந்நூறு அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும்."

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் கூட முந்நூறு அடி இல்லை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பாஷையின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். 1944-ஆம் வருஷம் டிசம்பரில், யுத்தம் முடிவதற்கு முன்பே, சிகாகோ நகரில் 52 தேசங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதிலிருந்து பிறந்ததுதான் சர்வதேச விமானப் போக்குவரத்து ஸ்தாபனம். எல்லாத் தேசத்து விமானிகளும் ரேடியோவில் பேசிக்கொள்ள ஒரு பொதுப் பாஷை வேண்டுமே! இதைவிடப் பொருத்தமான பேச்சு முறை ஒன்று உருவாகும் வரையில் இங்கிலீஷ் இருக்கட்டும் என்றார்கள். தற்காலிகமாக வந்த விருந்தாளி வீட்டோடு தங்கிவிட்டது.

எழுத்துக்களுக்குப் பெயர் தேடும் வேலையில் முக்கியமானவர், மாண்ட்ரீல் சர்வகலாசாலையில் மொழியியல் பேராசிரியராக இருந்த ழான்-போல் வினே. இங்கிலீஷ்காரர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர் மூவருடைய வாய்க்கும் காதுக்கும் ஒத்துவருகிற சொற்களாக அவை இருக்க வேண்டும். 1951-இல் பட்டியல் அமலுக்கு வந்தது. அதில் நம் சார்லி கிடையாது. 'ஸி'க்குக் 'கோகா' என்று பெயர். 'எம்'முக்கு மெட்ரோ, 'என்'னுக்கு நெக்டார். உபயோகித்துப் பார்த்ததில் சில சொற்கள் ரேடியோ இரைச்சலில் குழம்பின. கேட்டவன் காது மந்தம் என்று யாரும் சொல்லவில்லை. பல தேசத்தாரைக் கொண்டு சோதித்து, 1956-இல் ஐந்து சொற்களை மாற்றினார்கள். அப்போது வந்தவர்தான் சார்லி. மெட்ரோ மைக் ஆயிற்று. நெக்டார் நவம்பர் ஆயிற்று. எண்களுக்கும் இதே தயவு. 'த்ரீ' பலருக்கு வாயில் நுழையாது; ஆகவே 'ட்ரீ' என்றால் போதும். 'நைன்' என்பது 'ஃபைவ்' என்று காதில் விழக்கூடும், ஆகவே 'நைனர்'.

இவ்வளவு செய்தும் விபரீதம் நேராமல் இல்லை. 1996 நவம்பர் 12 அன்று மாலை, டில்லியிலிருந்து மேலே ஏறிய ஸவூதி விமானமும், டில்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே ஆகாயத்தில் மோதின. 349 பேர் மாண்டார்கள், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கஜக் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டியது; அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானிகளுக்குப் போதிய இங்கிலீஷ் ஞானம் இல்லாததையும் காரணங்களில் ஒன்றாக விசாரணைக் கமிஷன் குறிப்பிட்டது.

1998-இல் சர்வதேச ஸ்தாபனம் இதற்காக ஒரு தீர்மானம் செய்தது. 2003-இல் விதிகள் வந்தன; 2008 மார்ச்சில் அமலாயின. ஆறு படிகள், சர்வதேச வழிகளில் பறக்கக் குறைந்தது நான்காம் படி தேறியிருக்க வேண்டும். அந்தப் படியின் லட்சணங்களைப் படித்தபோது ஓரிடத்தில் நின்றேன். தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று தோன்றினால், கேட்டு, சரிபார்த்து, தெளிவு பெறத் தெரிந்திருக்க வேண்டுமாம். 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்வதும் அங்கே பரீட்சையில் ஒரு பாடம்!

நம் வீடுகளில் அந்தப் பாடம் நடப்பதில்லை. கல்லூரியில் இங்கிலீஷ் ஆசிரியர் பாடம் முடித்து, "விளங்கிற்றா?" என்று கேட்பார். ஐம்பது தலைகள் ஆடும். அதில் என் தலையும் ஒன்று. கிராமத்துப் பள்ளியிலிருந்து போனவனுக்குப் பாதி வார்த்தை எட்டாது. கேட்டால் சிரிப்பார்களே என்ற பயம். பையனிடம் இதைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசவில்லை.

"நானும் போன மாதம் வகுப்பில் தலையாட்டினேன், மாமா" என்றான் மெதுவாக. "காற்றழுத்தம் காதில் விழவில்லை. பக்கத்துப் பையன் எழுதியதைப் பார்த்து எழுதினேன்."

மறுநாள் காலை மறுபடியும் அந்தக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். காற்று, மேகம், ஓடுபாதை எல்லாம் எழுதியிருந்தான். காற்றழுத்தத்துக்கு நேரே மட்டும் ஒன்றும் எழுதாமல் இடம் விட்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னும் வரவில்லை, மாமா" என்று சொல்லிவிட்டு, பதிவை முதலிலிருந்து ஓடவிட்டான்.

நான் என் கதையை மூடிவைத்துவிட்டு, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.