பட்டமும் பாட்டும்: ‘சங்கீத கலாநிதி’ வரலாறு உணர்த்துவது

இசைக்கு அளிக்கப்படும் விருதுகளுக்கு உண்மையான பெறுமதி ஏதேனும் உண்டா? இவ்வினாவுக்கு இருவகையான விடைகள் வழமையாகக் கூறப்படுகின்றன. விருதைப் பெற்றவரும் அவரைச் சார்ந்தோரும் அதனைக் கலையின் உரைகல் என்பர். பெறாதவரும் அவருடைய அபிமானிகளும் அது வெறும் வெளிச்சம், செல்வாக்கின் விளையாட்டு என்பர். இரண்டுமே அரைகுறை விடைகள் என்பது நமது கருத்து. விருது என்பது வானத்திலிருந்து விழுவதன்று. ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தினர், ஒரு குறிப்பிட்ட தேவை கருதி ஏற்படுத்திய சமூக வழக்கம் அது. ஆகவே அதன் பெறுமதியை அறிய வேண்டுமாயின் அதன் வரலாற்றை நோக்குதல் வேண்டும். தமிழிசையுலகில் மிக உயர்ந்ததெனக் கருதப்படும் ‘சங்கீத கலாநிதி’ப் பட்டத்தை இங்கு எடுத்துக்கொள்வோம்.

நிலமானிய சமுதாயத்தில் இசைவாணரைப் புரந்தோர் அரசரும் ஜமீன்தாரும் மடாதிபதிகளும் ஆவர். அவர்கள் அளித்த தோடாவும் சால்வையும் மானிய நிலமும் பட்டமும் ஒரே கையிலிருந்து வந்தவை. வைத்தியநாதையர் சிறுவனாக இருந்தபோதே திருவாவடுதுறை ஆதீனத்தாரால் ‘மகா’ என்னும் அடைமொழி சூட்டப்பெற்று, பின்னர் மகா வைத்தியநாதையர் என்றே நிலைத்துவிட்டார். அக்காலத்துப் பட்டத்தைப் புரவலரின் விருப்பிலிருந்து பிரித்தறிய இயலாது. இதற்கு மறுதலையாகத் தியாகராஜர் தஞ்சை அரசவையின் அழைப்பை மறுத்த கதையை நாம் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். கோயில் மானியத்தை நம்பி வாழ்ந்த நாகசுரக்காரனுக்கும் தவிற்காரனுக்கும் மறுக்கும் உரிமை இருக்கவில்லை. துறவைப் புகழ்வது எளிது. துறக்கத்தக்க பொருள் எல்லோரிடமும் இருந்ததா என்று கேட்பதே வரலாற்று நோக்கு.

1855 ஆம் ஆண்டில் தஞ்சை அரச பரம்பரைக்கு ஆங்கிலேயர் முற்றுப்புள்ளி வைத்தனர். ஆதரவிழந்த இசைவாணர் பலர் காலப்போக்கில் சென்னையை நாடினர். அங்கே வழக்கறிஞரும் அரசாங்க உத்தியோகத்தரும் வணிகருமாகிய புதியதொரு மத்தியதர வர்க்கம் உருவாகியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இவ்வர்க்கத்தார் சபாக்களை நிறுவினர். அனுமதிச் சீட்டு வாங்கி நாற்காலியில் அமர்ந்து கேட்கும் கச்சேரி பிறந்தது. புரவலரின் இடத்தைச் சபையின் நிர்வாகக் குழு எடுத்துக்கொண்டது.

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையையொட்டி அகில இந்திய சங்கீத மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் விளைவாக 1928 இல் சென்னை சங்கீத வித்வத் சபை (மியூசிக் அகாடமி) தோன்றியது. ஆண்டுதோறும் நடைபெறும் அதன் மாநாட்டுக்கு வித்துவான் ஒருவர் தலைமை தாங்குவார். 1942 இலிருந்து அத்தலைவருக்குச் ‘சங்கீத கலாநிதி’ என்ற பட்டம் வழங்கப்படலாயிற்று. முன்னர்த் தலைமை வகித்தோரும் அப்பட்டத்துக்குரியோராயினர். ஆகவே இப்பட்டம் அடிப்படையில் ஒரு நாற்காலியைக் குறிப்பது. அறிஞர் அவையில் நடுநாயகமாக அமர்ந்து, இலக்கணம் பற்றித் தீர்ப்புரைக்கும் தகுதி உடையவர் யார் என்ற வினாவுக்கு அச்சபை கூறிய விடையே அது. நாம் கவனிக்க வேண்டியது இதனையே. மேடையில் பாட அனுமதிப்பது வேறு. அவைக்குத் தலைமை தாங்க அழைப்பது வேறு.

இவ்வேறுபாட்டைப் பெண்கலைஞரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. தேவதாசி மரபினரின் ஆடலைச் சமூகம் இழிவெனத் தூற்றிய காலத்தில், 1931 இல், திருவாளப்புத்தூர் கல்யாணியின் புதல்வியர் இருவருக்கும் மியூசிக் அகாடமி தன் மேடையை வழங்கியது. அக்காலச் சூழலில் அது துணிவான செயலே. அதனை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் அம்மேடையிலிருந்து தலைவரின் நாற்காலிக்குப் பெண்ணொருத்தி செல்வதற்கு மேலும் முப்பத்தேழு ஆண்டுகள் தேவைப்பட்டன. 1968 இல் எம்.எஸ். சுப்புலட்சுமி முதற் பெண் சங்கீத கலாநிதியானார்.

அவ்வாண்டுக்குள் அவர் அடைந்திருந்த நிலையை எண்ணிப் பார்ப்போம். மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக 1916 இல் பிறந்தவர். ‘மீரா’ திரைப்படத்தின் மூலம் வட இந்தியா முழுவதும் அறியப்பட்டவர். 1954 இல் பத்மபூஷண் பெற்றவர். 1966 இல் ஐக்கிய நாடுகள் சபையிலே பாடியவர். உலக மன்றம் கேட்ட குரலுக்குச் சென்னைச் சபை இரண்டாண்டு கழித்தே தன் உயர்ந்த பட்டத்தை வழங்கியது. அப்பட்டத்தினால் அவருடைய இசை ஒரு மாத்திரையேனும் உயர்ந்ததெனக் கூறமுடியாது. உயர்ந்தது பட்டத்தின் மதிப்பே.

அவ்வாறாயின் அப்பட்டம் பயனற்றதா? அன்று. 1970 இல் டி.கே. பட்டம்மாளும், 1973 இல் நாட்டியக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதியும், 1976 இல் டி. பிருந்தாவும், 1977 இல் எம்.எல். வசந்தகுமாரியும் அந்நாற்காலியில் அமர்ந்தனர். பாலசரஸ்வதியும் பிருந்தாவும் வீணை தனம்மாளின் பேத்தியர். 1938 இல் மறைந்த தனம்மாளின் வீட்டுக்குச் சென்று, அவர் வாசிப்பைக் கேட்டுப் பாடம் பெற்ற பெரும் வித்துவான்கள் பலர். அம்மூதாட்டியை அவர்கள் குருவுக்குச் சமமாக மதித்தனர். எனினும் அவையின் தலைமை அவருக்குரியதெனக் கருதப்படவில்லை. பாட்டிக்கு இல்லாத இடம் பேத்தியருக்குக் கிடைத்தது. பட்டம் கலையை வளர்க்கவில்லை. ஆனால் ஒரு கதவைத் திறந்தது. கதவு திறந்தது என்பதிலேயே அது நெடுங்காலம் மூடியிருந்தது என்ற உண்மையும் அடங்கியுள்ளது.

வாத்தியங்களுக்கிடையிலும் இத்தகைய படிநிலை நிலவியது. கச்சேரியின் உயிர்நாடி லயம் என்பதை மறுப்பார் இல்லை. அவ்வாறிருந்தும் மிருதங்க வித்துவான் ஒருவர் சங்கீத கலாநிதியாவதற்கு 1966 வரை, பாலக்காடு மணி ஐயர் வரை, காத்திருக்க நேர்ந்தது. பாடுபவர் முதல்வர், வாசிப்பவர் பக்கத்துணை என்ற எண்ணம் பட்டத்திலும் எதிரொலித்தது.

இவ்விடத்தில் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையை நினையாதிருத்தல் முடியாது. 1898 இல் பிறந்து 1956 இல் மறைந்த அவர், நாகசுரம் என்னும் கருவியின் வரலாற்றையே மாற்றியவர். கோயில் வீதியிலும் கலியாண ஊர்வலத்திலும் நின்றும் நடந்தும் வாசித்து, மேலாடையின்றித் தோளிலோ இடுப்பிலோ துண்டுடன் பணிந்து நிற்க வேண்டியிருந்த கலைஞர் கூட்டத்திலிருந்து எழுந்தவர். சட்டை அணிந்து, மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையைத் தம் வாசிப்பின் வலிமையினாலேயே நிலைநாட்டினார். அவருடைய தோடி ராக ஆலாபனையைக் கேட்டு வாய்ப்பாட்டு வித்துவான்களும் ராகத்தை விரித்துப் பாடக் கற்றனர். ஆனால் சங்கீத கலாநிதிகளின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிற்காலத்தில் நாகசுரக் கலைஞர் சிலருக்கு அப்பெருமை கிடைத்தது. 1998 இல் ஷேக் சின்ன மௌலானா அதனைப் பெற்றார். ராஜரத்தினம் இல்லாத பட்டியல் குறையுடையதா, பட்டியலில் இல்லாத ராஜரத்தினம் குறையுடையவரா? யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் விடிய விடிய நின்று மேளம் கேட்டு வளர்ந்த மக்களுக்கு இதில் ஐயம் எழாது.

பட்டம் மொழிப் போராட்டத்தின் கொடியாகவும் விளங்கிற்று. 1941 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டுமெனக் கோரியது. மொழி பற்றிய எண்ணங்களால் இசையின் தரம் தாழ்ந்துவிடக் கூடாதென மியூசிக் அகாடமி மறுமொழி கூறியது. 1943 இல் செட்டிநாட்டரசரின் ஆதரவோடு தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. பின்னர் அச்சங்கமும் ‘இசைப் பேரறிஞர்’ என்ற தன் பட்டத்தை வழங்கலாயிற்று. தமிழிசை இயக்கத்தின் கோரிக்கை நியாயமானது என்பதே நமது நிலைப்பாடு. எனினும் ஒரு பட்டத்துக்கு எதிராக இன்னொரு பட்டம் எழுந்தபோது பட்டம் வழங்கும் முறை மாறவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வழங்குவோர் மாறினர், செல்வமுடையோர் மதிப்பளிக்க, கலைஞர் கைகூப்பிப் பெறும் உறவு அவ்வண்ணமே தொடர்ந்தது.

இது பழங்கதையன்று. 2024 ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதியாக டி.எம். கிருஷ்ணா அறிவிக்கப்பட்டபோது, இசைக்கலைஞர் சிலர் அவ்வாண்டு மாநாட்டிலிருந்தும் கச்சேரிகளிலிருந்தும் விலகினர். எழுந்த வாதத்தில் அவருடைய சுருதி, லயம், ராகஞானம் பற்றிய பேச்சு அருகியே இருந்தது. கர்நாடக இசையுலகின் சாதியாதிக்கம் பற்றி அவர் கூறியவையும், பெரியாரைப் பற்றி அவர் கொண்டிருந்த மதிப்பும் பற்றியே வாதம் நடந்தது. பட்டம் தூய கலையை மட்டுமே அளக்கும் கோல் என்று அதுவரை கூறிவந்தோரே, அது சமூக நிலைப்பாட்டையும் அளக்க வேண்டுமெனக் கோரினர். மூடியிருந்த உண்மை வெளிப்பட்டமையால் அவ்வாதத்தினால் ஒரு நன்மை விளைந்தது எனலாம்.

இதுவரை கண்டவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? விருது இசையை அளக்கவில்லை. இசையை மதிக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதை அளக்கிறது. அந்த அளவில் அது மெய்யான வரலாற்றுச் சான்று. யார் பெற்றார் என்பதோடு, யார் எவ்வளவு பிந்திப் பெற்றார், யார் பெறவேயில்லை என்பவற்றையும் சேர்த்து வாசிக்கும்போது ஒரு சமூகத்தின் சாதி, பால், வர்க்க உறவுகள் அதில் எழுத்தெழுத்தாகத் தெரிகின்றன. மேலும், ஓய்வூதியமோ நிலையான ஊதியமோ இல்லாத கலைஞனுக்குப் பட்டம் சன்மானத்தை உயர்த்தும், மாணவரைக் கொணரும், முதுமையில் ஓரளவு பாதுகாப்பளிக்கும். வயிற்றுப்பாட்டோடு தொடர்புடைய ஒன்றை வெறும் மாயை என்று ஒதுக்குவது, வயிறு நிறைந்தவர் பேசும் பேச்சாகும்.

நமது நாட்டு நிலையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் ஆசிரியர் தரத்தில் சித்தியடைந்தோர் ‘கலாவித்தகர்’ ஆகின்றனர். கற்றலின் ஒழுங்கான முடிவாகவும் தொழிலுக்கான தகைமையாகவும் விளங்கும் இத்தகைய பட்டத்துக்கு ஒரு நியாயம் உண்டு. பாடத்திட்டம் உண்டு, எவரும் தோற்றலாம், தோற்றவர் மீண்டும் முயலலாம். ஆனால் விழாமேடைகளில் பொன்னாடையோடு சேர்த்துப் போர்த்தப்படும் அடைமொழிகளுக்கு இந்நியாயம் இல்லை. யார் தெரிவுசெய்தனர், எந்த அளவையால் தெரிவுசெய்தனர் என்று எவரும் கேட்பதில்லை.

இக்கேள்விகளைக் கேட்கும் கடமை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உண்டு. பாடசாலையிலும் சனசமூக நிலையத்திலும் கோயில் நிர்வாகத்திலும் இசைவிழா எடுப்போர் நம்மிடையே பலர். பட்டம் வழங்குமுன், தெரிவுக் குழுவில் தவிற்கலைஞரும் பெண்களும் கூத்துக் கலைஞரும் இருக்கின்றனரா என்று கேட்போம். பாடகருக்குப் பொன்னாடை போர்த்தும் அதே இரவில் மேளகாரருக்குப் பேசிய சன்மானம் முழுமையாகக் கொடுக்கப்பட்டதா, அவர்களுக்கு மற்றையோரோடு ஒரே பந்தியில் உணவு பரிமாறப்பட்டதா என்று கேட்போம். இவற்றுக்கு ‘ஆம்’ என்று விடை கூற முடிந்த இடத்தில் வழங்கப்படும் விருது, அது ஒரு வெற்றிலைத் தட்டமேயாயினும், பெறுமதி உடையது.