காவற்கூலி யார் கணக்கில்?

திருகோணமலைக்குப் போகும்போதெல்லாம் கடற்படைத்தளத்தின் மதிலோரம் சற்று நின்று பார்ப்பது என் வழக்கம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய துறைமுகம் அது. போரையும் தளபதிகளையும் பற்றிச் சரித்திரகாரர் நிறையவே எழுதிவிட்டனர். என் மனத்தில் எழுவதோ ஒரு சில்லறைக் கேள்வி. கடற்படையின் களஞ்சியத்தைக் காக்கும் பொலிஸ்காரனின் சம்பளம் யார் தலையில் விழவேண்டும்?

தன் பொருளை அடையாளமிடுவதில் ஆங்கிலக் கடற்படை மிகவும் கண்டிப்பானது. கயிற்றிலே எதிர்முறுக்காக ஒரு வெள்ளை இழை. பாய்த்துணியின் நடுவே ஒரு நீலக்கோடு. மரத்திலும் இரும்பிலும் அகன்ற அம்புக்குறி. அவ்வடையாளமுள்ள பொருளை உரிய அத்தாட்சியின்றி வைத்திருப்பதையே பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சட்டம் குற்றமாக்கியது. 1860இல் இங்கிலாந்தின் கப்பற்றுறைகளைக் காக்க இலண்டன் மாநகரப் பொலிசார் அமர்த்தப்பட்டனர். அதற்கான செலவைக் கடற்படையே கொடுத்தது. பொருள் யாருடையதோ, காவற்கூலியும் அவருடையது. நியாயமான ஏற்பாடுதான்.

கடல் தாண்டியதும் அந்த நியாயம் மங்கிவிடுகிறது. இலங்கையில் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச்சட்டம், பட்டினங்களிலே பொலிஸ் செலவைக் குடியிருப்போரின் வரியிலிருந்து எடுக்க வழிவகுத்தது. பேரரசின் படைச்செலவும் இத்தீவின் திறைசேரியையே நாடிவந்தது. இதை எதிர்த்தே 1864 நவம்பரில் சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தினர் அறுவர் பதவி துறந்தனர். மறு ஆண்டு ஜோர்ஜ் வோல் தலைமையில் இலங்கைச் சங்கம் பிறந்தது. பணம் நமது, அதைச் செலவிடும் அதிகாரம் பிறரதா என்பதே அவர்களின் கேள்வி.

ஆகவே, கடற்படைக் களஞ்சியத்தைக் காத்த செலவைத் திருப்பித் தா என்று ஒரு குடியேற்ற நாட்டு அரசு கேட்குமாயின், அதை அற்பக் கணக்கென்று நான் தள்ளமாட்டேன். மீன் விற்றவளும் வண்டியோட்டியும் கட்டிய வரியல்லவா அந்தக் கணக்கில் இருக்கிறது? தம் ஊரிலே தெருவிளக்குக்கு உதவியிருக்கக்கூடிய காசு, தாம் நுழையவே முடியாத மதிலைக் காக்கப் போகிறது.

1957 ஒக்டோபரில் அந்தத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. மதில் இன்றும் நிற்கிறது. கயிறு யாருடையது என்று சொல்ல ஒரு வெள்ளை இழை இருந்தது. அதைக் காத்த காசு யாருடையது என்று சொல்ல எந்த இழையும் இருக்கவில்லை.